மாமா காதால் வாசித்த வருடம்

என் மாமனாருக்குக் கண் மங்கிப்போனதை எனக்குக் காட்டிக்கொடுத்தது செய்தித்தாள்தான்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற வழியில் உள்ள எங்கள் ஊரில், மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அப்பனுக்கும் பாடம் நடத்தி, பிறகு அவன் பிள்ளைக்கும் பாடம் நடத்தியவர். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ரயிலில் அரியலூர் வந்து, பஸ் ஏறி, ஒரு நாள் பழசாக எங்களுக்கு வந்து சேரும் பேப்பரைச் சிவப்பு மைப் பேனாவோடுதான் விரிப்பார். அச்சுப்பிழை கண்ட இடத்தில் எல்லாம் ஒரு வட்டம் போடுவார். படித்து முடிக்கும்போது பேப்பர் அம்மை வார்த்த உடம்பு மாதிரி இருக்கும். அந்தப் பேப்பரில் பருப்பு மடித்துக் கொடுத்தால் அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள்.

யுத்த காலம் அது. பேப்பர் இளைத்து இரண்டு தாளாகியிருந்தது. ஒரு நாள் மடித்து வைக்கப் போனபோது பார்க்கிறேன், ஒரு வட்டம்கூட இல்லை. முந்தின நாள் பேப்பரிலும் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன மாமா, பேப்பர்க்காரன் திருந்திட்டானா? ஒரு தப்புகூட இல்லியே?" என்று கேட்டேன். எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷர், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் எழுந்து போய்விட்டார். சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். 

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வந்தவரிடம் சொல்லி, மாமாவைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பு பட்டுப்போய்விட்டது, கண்ணாடி போட்டும் புண்ணியமில்லை, கத்தி வைத்தும் புண்ணியமில்லை என்று சொல்லிவிட்டார். ஆள் நடமாட்டம் நிழலாகத் தெரியும். எழுத்து தெரியாது. அவ்வளவுதான்.

 திரும்பி வரும்போது ஊர் நெருங்கியதும் மாமா சொன்னார். "ஊருல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பெரிய வெள்ளிக்கிழமை முடியற வரைக்கும் தெரியவே கூடாது."

எங்கள் இருவருக்கும் உடனே புரிந்துவிட்டது. சேசுநாதர் சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் கோயிலில் அவர் பட்ட பாடுகளைச் சொல்லும் புத்தகத்தை ஒருவர் நின்று வாசிப்பார். சாமியார் செய்கிற சடங்கெல்லாம் லத்தீனில் நடக்கும்; ஊருக்குப் புரிகிற தமிழில் நடப்பது இந்த வாசிப்பு ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாத சனம்தான் அதிகம். வருடத்துக்கு ஒரு முறை இந்தப் புத்தகத்தைக் கேட்பதற்காகப் பட்டினியோடு வந்து தரையில் உட்கார்ந்து அழுவார்கள். அதை வாசிக்கிறவர் மாமா. என் வீட்டுக்காரர் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான். அவருக்குத் தலைமையாசிரியர் உத்தியோகம் போனது பெரிதாகத் தெரியவில்லை. இது போனால் மனுஷர் தாங்க மாட்டார்.

போகிற மாதிரியும் இருந்தது. புதிதாக வந்த தலைமையாசிரியர் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். வாட்டசாட்டமான ஆள், நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் சாமியாரிடம் போய், இந்த வருடம் தான் வாசிக்கட்டுமா என்று கேட்டிருந்தார். எங்கள் சாமியார் வயதானவர், கண்டிப்பானவர். கோயிலில் ஒரு குழந்தை சிணுங்கினால்கூடப் பூசையை நிறுத்தி அந்தத் திசைக்குத் திரும்புவார். அவர், "பெரியவர் முடியாதுன்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இது மாமா காதுக்கு வந்ததும், "பெரம்பலூர்க்காரன் பாடுகளை வாசிச்சா ஆஜர் எடுக்குற மாதிரி இருக்கும்" என்றார். நான் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு வாத்தியாரம்மா. என் தலைமையாசிரியரைப் பற்றி இப்படிச் சொன்னால் நான் எந்தப் பக்கம் சிரிப்பது?

"நான் வாசிக்கிறேன் மாமா, நீங்க கேட்டு மனசுல ஏத்திக்குங்க" என்றேன்.

"கேக்குறது வேற, வாசிக்கிறது வேற" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வாசிக்கிறவன் தன் காலால நடக்குறான். கேக்குறவன் யாரோ கையைப் புடிச்சுக்கிட்டுப் போறான். நீ எங்க நிறுத்துறியோ அங்க நான் நிக்கணும். நீ ஓடினா நான் ஓடணும். இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

பேப்பருக்கும் அதே பதில்தான். நான் வாசித்துக் காட்ட வேண்டாமாம், அரியலூரில் ரேடியோ இருக்கிறதாம், யுத்தச் செய்தியை அதில் கேட்டுக்கொள்வாராம். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பாட்டரியில் ஓடுகிற ரேடியோ பெட்டி வாங்கி வைத்திருந்தார். திருச்சி நிலையத்துச் செய்தி வருகிற நேரத்துக்குக் கடை வாசலில் கூட்டம் கூடும். ஒரு சனிக்கிழமை, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் இருமிக்கொண்டே போய் நாங்களும் நின்றோம். பெட்டி கரகரத்தது, பிறகு ஒருவர் கணீரென்று பேசினார். பர்மாவைப் பற்றி ஏதோ சொல்லி, கண் மூடித் திறப்பதற்குள் வேறு எங்கேயோ போய்விட்டார்.

"யோவ், கொஞ்சம் நில்லுய்யா. எந்த ஊருன்னு சொன்ன?" என்றார் மாமா, சத்தமாக.

வகுப்பில் பையனை நிறுத்துகிற அதே குரல். கடை வாசலே சிரித்தது. கடைக்காரர் மட்டும் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுக்குக் காது இல்லீங்க சார்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பத்து ஊர்ப் பிள்ளைகளை அதட்டிய மனுஷரை ஒரு பெட்டி மதிக்காமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்தவர்களை முறைத்துக்கொண்டே அவரை நகர்த்திக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவரே பேசினார். "நல்லாத்தான் பேசுறான். ஆனா நம்மள ஒரு ஆளாவே நெனைக்கலியே. திரும்பச் சொல்லுன்னா சொல்லுவானா?"

"நான் சொல்லுவேன் மாமா. எத்தன தடவ கேட்டாலும் சொல்லுவேன்."

 மறுநாள் நான் கோயிலிலிருந்து வந்தபோது, மாமா பொறுப்பில் வீட்டிலேயே இருக்கும் பாடுகளின் புத்தகம் துணியைப் பிரித்துத் தயாராக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியது. சீமெண்ணெய்க்குப் பங்கீடு இருந்ததால் பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் முகம் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் உட்கார்ந்து பேப்பரையும் பிறகு புத்தகத்தையும் நான் வாசிப்பேன். அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முதல் நாட்களில் எங்களுக்குள் நடந்தது வாசிப்பே இல்லை, சண்டை. "எந்தப் பக்கத்துல இருக்க?" என்பார். நான் பக்கத்தைச் சொல்வேன். "மேலயா, கீழயா? எண்ணெய்க் கறை இருக்குமே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்பார். அவருக்கு அந்தப் புத்தகம் ஒரு வீடு மாதிரி. எந்த வாக்கியம் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியும். காதில் விழுவதற்கு மூலை ஏது? சொன்ன மறுநிமிடம் அது போய்விடுகிறது. அதுதான் அவரை வதைத்தது.

போகப் போகப் பழகிக்கொண்டார். ஒரு பத்தி வாசித்தால் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். தடுக்கிய இடத்தில் கையை உயர்த்துவார், நான் மறுபடி வாசிப்பேன். சேசுநாதர் பிடிபடுகிற ஒலிவத் தோட்டத்துப் பகுதி வந்த அன்று நான் அழுதுவிட்டேன். "அழாத. வாசிக்கிறவ அழுதா கேக்குறவன் உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்" என்று அதட்டினார். சரி, கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். மறுவாரம் எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அடுப்படியில் புகை. கண் தெரியாத மனுஷர் தடவித் தடவி மிளகைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்திருக்கிறார். விரலில் சுட்டுக்கொண்டும் இருந்தார். அன்றைக்கு வாசிப்பு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அந்தக் கஷாயத்தில் காரம் அதிகம். நான் முழுவதையும் குடித்தேன்.

கோயிலில் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற மாதிரியே இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதனால் எந்தச் சொல்லுக்குத் தாளைத் திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழகினோம். தாள்களின் முனையை லேசாக மடித்துவைத்தேன், விரலில் தட்டுப்படுவதற்கு. பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று சாயங்காலம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லித் தாளையும் சரியாகத் திருப்பினார். நான் கை தட்டியே விட்டேன். "தபசு காலத்துல என்ன கைதட்டு?" என்றார். முகம் மட்டும் சிரித்தது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. துக்க நாள் என்பதால் மணி அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் சனம் நின்றது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் பெண்கள் பக்கத்தில், என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பேச்சுக் கொடுப்பது மாதிரி மாமாவை ஒட்டி நடந்து, புத்தகம் வைக்கும் மரத்தாங்கி வரைக்கும் கொண்டுவிட்டு விலகிக்கொண்டார். சாமியார் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். புதிய தலைமையாசிரியர் முன்வரிசையில் இருந்தார்.

மாமா தொடங்கினார். என்ன குரல் அது! வயது ஏறியும் கோயில் கடைசி வரைக்கும் எட்டியது. விரல் தாளின் முனையைத் தொட்டது, திருப்பியது. எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் அது நடந்தது. "அவருடைய தோளின் மேல் பாரமான சிலுவையைச்..." என்று சொல்லிவிட்டு மாமா நிறுத்தினார்.

"சுமத்தினார்கள்!" என்றது முன்னால் இருந்த ஒரு சின்னக் குரல்.

ஒன்றாம் வகுப்பு எடுக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "பசு நமக்குப் பால்..." என்று இழுத்து நிறுத்துவோம். "தரும்!" என்று வகுப்பே கத்தும். கடைசிச் சொல்லைப் பிள்ளைகளுக்கென்று விட்டுவைப்பது ஊறிப்போன வழக்கம். வீட்டில் வாசிக்கும்போதும் நான் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். மாமா வாக்கியத்தை மட்டுமா மனசில் ஏற்றினார்? என் நிறுத்தத்தையும் சேர்த்து ஏற்றியிருந்தார். என் வாத்தியாரம்மாக் குரல் அவர் வாயிலிருந்து வந்தது, பிள்ளைகள் விடுவார்களா?

அடுத்த வாக்கியத்துக்கு நாலைந்து குரல். அதற்கடுத்ததற்கு என் வகுப்பு முழுவதும். நான் ஒருத்தியின் தொடையைக் கிள்ளினேன், இன்னொருத்தியின் பின்னலை இழுத்தேன், பலிக்கவில்லை. அதைவிடக் கொடுமை, பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மார்களும் சேர்ந்துகொண்டார்கள். "அவருடைய தாயார் வழியோரத்தில்..." என்றார் மாமா. "நின்றார்கள்" என்றது பெண்கள் பக்கம் மொத்தமும்.

மாமா திகைத்துப் போனார். அவர் மனசில் கோத்துவைத்த சரம் அந்தச் சத்தத்தில் அறுந்துவிட்டது. நின்றார். விரல் தாளைத் தடவியது, திருப்பியது, மறுபடி பின்னால் திருப்பியது. கண் தெரிகிறவன் அப்படித் தடவ மாட்டான் என்று முன்வரிசைக்குப் புரியத் தொடங்கியது. புதிய தலைமையாசிரியர் எழுந்திருக்கலாமா என்று பாதி எழுந்து உட்கார்ந்தார். 

பெண்பிள்ளை கோயிலில் எழுந்து குரல் கொடுக்கிற காலம் இல்லை அது. நான் எழுந்தேன். யோசித்து எழுந்ததாக இப்போது சொன்னால் பொய். விட்ட இடத்து வாக்கியத்தை அங்கிருந்தே உரக்கச் சொன்னேன். என் பாழாய்ப்போன பழக்கம், அங்கேயும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டது.

அந்தச் சொல்லை மாமா சொன்னார். அவரோடு கோயிலே சொன்னது.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. சாமியாரும் திரும்பினார்.  மாமா புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பட்டென்று மூடினார். மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை. நின்ற இடத்தில் எல்லாம் சனம் சொன்னது, அவர் தொடர்ந்தார். கல்லறையில் வைக்கிற வரைக்கும் ஒரு சொல் பிசகவில்லை. பெண்கள் வழக்கத்தைவிட அதிகமாக அழுதார்கள். நானும் அழுதேன், என்னை அதட்ட அப்போது யாருமில்லை.

 வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். "ஒன் தப்பு இல்லம்மா. கேட்டுப் படிச்சா இப்படித்தான், கேட்டது அப்படியே வரும்" என்றார்.  அவரைப் பார்த்தால் எல்லாம் முடிந்துபோன ஆள் மாதிரி இருந்தது. ஈஸ்டர் பூசைக்குப் போனார், யார் முகத்துக்கும் நேரே நிற்காமல் வந்துவிட்டார். சாமியார் ஆள் அனுப்புவார், புத்தகத்தைக் கேட்டு வாங்குவார் என்று காத்திருந்தார். புத்தகத்தைத் துணியில் சுற்றி மேசை மேல் எடுத்தும் வைத்துவிட்டார்.

ஈஸ்டருக்கு மறுநாள் சாயங்காலம் சாமியாரே வந்துவிட்டார். கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் வாசல் வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனார். நான் தோத்திரம் சொல்லிக் கும்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மாமா உட்காரவே இல்லை. சாமியார் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"புது வாத்தியார் வாசிக்கட்டும் சாமி. நான் ஒதுங்கிக்கிறேன். கண்ணு தெரியாதவன் புஸ்தகத்த வச்சுக்கிட்டு நின்னது தப்புத்தான்."



"கண்ணு தெரியாதவன் வாசிக்கக் கூடாதுன்னா, நான் பூசை வைக்கக் கூடாதே வாத்தியாரே" என்றார் சாமியார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவுக்கும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"எனக்குக் கண்ணு போனது, நமக்கெல்லாம் மேல இருக்குற மேற்றிராணியாருக்கு மட்டும் தெரியும். புஸ்தகத்துல அந்தந்த நாளுக்குள்ளத வாசிக்க முடியாதே, அதனால அவருகிட்ட அனுமதி வாங்கித் தினமும் மாதா பூசை ஒண்ணையே பண்றேன். அது மனப்பாடம். ஊருல அத பக்தின்னு நெனைச்சுக்கிறாங்க. நானும் அப்படியே நெனைக்கட்டும்னு விட்டுட்டேன்." சாமியார் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வெள்ளிக்கிழம நீர் புஸ்தகத்த மூடின சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறமும் வாசிச்சீரு. அடடா, இவரும் நம்ம கட்சியான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. வீட்டுல வாசிச்சுச் சொல்ல ஒமக்கு ஆள் இருக்கு. எனக்கு யாரு இருக்கா? நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்? அடுத்த வருஷமும் பாடுகள நீர்தான் வாசிக்கணும். அத சொல்ல மட்டும்னா ஆள் விட்டிருப்பேன். நான் வந்தது வேற விஷயத்துக்கு."

என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை, என் மூச்சு வந்த திசையைப் பார்த்தார் என்று அப்போதுதான் உறைத்தது. ஊரே பயப்படுகிற மனுஷர், ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரிக் கூச்சப்பட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இவருக்குப் பேப்பரும் நீதானே வாசிப்ப? சாயங்காலத்துல நீ வாசிக்கிறப்ப நானும் வந்து கேக்கலாமா?"

 தலையை ஆட்டினேன், அது அவருக்குத் தெரியாது என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. மாமாதான் தடவிப்போய்த் தன் நாற்காலியின் முதுகைப் பிடித்து, சாமியார் பக்கமாகத் தள்ளினார்.

"அங்க வேணாம் சாமி, இதுல உக்காருங்க. அவ சத்தம் இங்கதான் நல்லாக் கேக்கும்."